மறிச்சதும் மரிச்சதும்

பிரியமுள்ள மக்கா,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நீ தின்ற கோழிச்சோற்றின் படம் ஸ்டேட்டஸில் வந்தது. வெளிச்சம் போதாது, இருந்தாலும் பரவாயில்லை. இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. உன் மாமனாராகப் போகிறவரைச் சித்தப்பா கொன்றுவிட்டான், கல்யாணம் நின்றுவிடும்போல் இருக்கிறது என்று உன் அம்மா போனில் அழுதிருப்பாள். கொன்றது உண்மை. ஆள் சுகமாக இருப்பதும் உண்மை. கல்யாணம் என்னாயிற்று என்பதைச் சொல்வதற்கு முன்னால், இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே ஒரு வாரம் நான் பட்ட பாட்டை நீ கேட்டே ஆக வேண்டும். கையால் எழுதுகிறேன். வாட்ஸப்பில் ஆங்கில எழுத்தை வைத்து நம் பேச்சை எழுதுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். இதன் நகல் ஒன்று நம் சபையின் மாதப் பத்திரிகைக்கும் போகிறது. பனச்சமூட்டில் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்ல ஊரில் தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான் என்று போதகருக்கே தெரியும்.

உன் அப்பா போனபோது உனக்குப் பால்பல் விழவில்லை. சித்தப்பா என்ற சொல்லுக்குள்ளேயே ஓர் அப்பா இருக்கிறார், பயப்படாதே மைனி என்று அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னவன் நான். படிப்பு எனக்கு எட்டாம் வகுப்போடு நின்றது. படிப்புதான் நின்றது, நான் நிற்கவில்லை. காட்டாக்கடையிலிருந்து குளத்தூர் வரைக்கும் மலையாளப் பேப்பரில் படம் வர வேண்டும் என்றால் என்னைத்தான் விளிக்க வேண்டும். ஒரு தடவை மந்திரி ஒருவர் ரிப்பன் வெட்ட வந்து, கத்திரியைக் கையில் எடுத்து, சுற்றும் முற்றும் பார்த்து, என்னைக் காணாமல் கத்திரியைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார். நான் ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்து தள்ளிக்கொண்டு வருகிற வரைக்கும் கூட்டம் முழுக்க வெயிலில் நின்றது. கோயில் யானை என் கேமராவைக் கண்டால் தானாகவே தும்பிக்கையைத் தூக்கும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். பெண் வீட்டாருக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், இவன் என்ன, பொத்தானை அமுக்குகிறான் என்று நினைப்பார்கள். பொத்தான் கடைசிக் காரியமல்லவா. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் பிள்ளையின் வாயில் லட்டு வைக்க ஆள் வேண்டும். வைக்கிற அம்மா கேமராவைப் பார்க்கக்கூடாது, பிள்ளையைப் பார்க்க வேண்டும். லட்டு வாய்க்கு ஒரு விரல்கடை தள்ளி நிற்க வேண்டும். உள்ளே போய்விட்டால் பிள்ளை குரங்கு மாதிரி இருக்கும். குடிதண்ணீர்ச் சமரம், அதாவது போராட்டம் என்றால் குடத்தைக் கவிழ்த்துத் தலைக்கு மேலே பிடிக்கச் சொல்ல வேண்டும். சும்மா இடுப்பில் வைத்திருந்தால் தண்ணீர் கிடைத்த படமாகிவிடும். பெரிய சேனைக்கிழங்கு விளைந்தால் பக்கத்தில் சின்னப் பிள்ளை நிற்க வேண்டும். சாக்கடை ஓடை உடைந்தால் மூக்கைப் பிடித்தபடி ஒரு பெரியவர் வேண்டும். இப்படி எல்லாவற்றையும் நிறுத்தி, திருத்தி, நிமிர்த்தித்தான் முப்பது வருஷமாக இந்தத் தாலுகாவை உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

நம் தொழிலில் கல்யாணம் எப்படி மாட்டிக்கொள்ளும் என்பதற்கு என் கல்யாணமே சாட்சி. பந்தியில் பப்படம் விழுந்த நேரத்தில், களியக்காவிளைப் பக்கம் அன்னாசி லாரி மறிஞ்சு கிடக்கிறது என்று போன் வந்தது. லாரி மறிஞ்சு என்றால் கவிழ்ந்து என்று அர்த்தம், நீ அங்கே அரபு தேசத்தில் இருந்து மறந்திருப்பாய். கைகழுவி, உன் சித்தியையும் கல்யாணச் சேலையோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ரோடெல்லாம் தங்கம் கொட்டின மாதிரி அன்னாசி. அந்தப் படம் முதல் பக்கத்தில் வந்தது. சித்தியிடம் கேட்டால், “அன்னாசியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. வெங்காயமாக்கும். மூணு நாளு எனக்க சேல மணத்துச்சு” என்பாள். முதல் பக்கமும் இல்லையாம், ஏழாம் பக்கமாம். எப்படியோ, அன்று அவள் ஆட்டோவை விட்டு இறங்கி, லாரிக் கிளீனருக்குத் தன் கல்யாணக் கைக்குட்டையால் நெற்றியில் கட்டுப் போட்டாள். அதனால் சொல்கிறேன்: உன் கல்யாணத்தன்று போனை அணைத்து என்னிடம் கொடுத்துவிடு. பெண்ணை மட்டும் பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பனச்சமூடு ஜங்ஷனிலிருந்து நம் சபை வழியாகப் போகிற ரோடு, குடிதண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டினபடி மாதக்கணக்காகக் கிடந்தது உனக்குத் தெரியும். பஸ் ஜங்ஷனோடு நின்றுவிடும். மீதித் தூரத்தை ஜனங்கள் சேற்றில் நடந்து கழித்தார்கள். உன் மாமனார் செல்லையன் அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து பென்ஷன் ஆனவர். வேலையில் இருந்தபோது அவர் ஸ்டாப் பேரைச் சொன்னால் தூங்குகிறவன் மட்டுமல்ல, அடுத்த பஸ்ஸில் தூங்குகிறவனும் எழும்பி இறங்குவான். பஸ் ஓடாத ரோட்டின் ஓரத்தில் ஒரு கண்டக்டர் எத்தனை நாள் சும்மா இருப்பார்? போன திங்கட்கிழமை பாயைக் கொண்டுபோய் ஜங்ஷனில் விரித்து, நடுரோட்டில் மல்லாந்து படுத்துவிட்டார். தாய்மார்கள் பத்திருபது பேர் கொடி பிடித்துச் சுற்றி நின்றார்கள். எங்கள் நிருபருக்கு அன்று லீவு. படமும் நான், செய்தியும் நான்.

போய்ப் பார்த்தால் படம் சரியில்லை. அண்ணன் ஒரு கையைத் தலைக்குக் கொடுத்து, காலைக் காலின் மேல் போட்டு, பஸ் டிரைவரிடம் பழைய கதை பேசிக்கொண்டு படுத்திருக்கிறார். தாய்மார்கள் சிரிக்கிறார்கள். இது சமரமா, சுற்றுலாவா? நான் ஸ்கூட்டர் மேலே ஏறி நின்று எல்லாவற்றையும் சரியாக்கினேன். அண்ணே, கையை நெஞ்சில் வையுங்கள் என்றேன். வைத்தார். கண்ணை மூடுங்கள், ஒரு கனம் கிடைக்கும் என்றேன். மூடினார். தாய்மார்களைச் சுற்றி உட்காரவைத்து, கன்னத்தில் கைவைக்கச் சொன்னேன். வெயிலுக்கு யாரோ நெற்றியில் ஈரத்துண்டைப் போட்டார்கள், அதுவும் நன்றாக அமைந்தது. மக்கா, நான் எடுத்ததிலேயே அதுதான் அழகான படம். இப்போதும் சொல்வேன். பார்க்கிறவன் நெஞ்சு அடைத்துப் போகும்.

அடியில் ஒரு வரி எழுத வேண்டும். நம் பக்கத்தில் ரோட்டைத் தடுத்தால் என்ன சொல்வோம்? ரோடு மறிச்சு என்போம். மலையாளம் பேசும்போதும் அதையேதான் சொல்வோம், யாருக்கும் இங்கே சந்தேகம் வராது. செல்லையன் ரோட்டில் கிடன்னு மறிச்சு என்று, எல்லாரும் எழுதுகிற மாதிரி ஆங்கில எழுத்தில் தட்டி, படத்தோடு திருவனந்தபுரம் ஆபீசுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். அங்கே அன்று டெஸ்கில் இருந்தவன் வடக்கே கண்ணூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பையன். அவன் ஊரில் ரோட்டை யாரும் மறிக்க மாட்டார்களாம், உபரோதிப்பார்களாம். வல்லின றகரத்துக்கும் இடையின ரகரத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துதான். மறிச்சு என்று நான் எழுதினதை மரிச்சு என்று அவன் படித்தான். மரிச்சு என்றால் மலையாளத்தில் செத்துப்போனார். சந்தேகம் வந்து படத்தைப் பார்த்திருக்கிறான். கண்மூடின ஆள், நெஞ்சில் கை, சுற்றிலும் கன்னத்தில் கைவைத்த தாய்மார்கள். அவனுக்கு இருந்த கொஞ்சம் சந்தேகத்தையும் என் படம் தீர்த்துவைத்தது. செவ்வாய்க்கிழமை காலையில் உள்ளூர்ப் பக்கத்தில் பெரிதாக வந்தது: உடைந்த ரோட்டுக்காகச் சமரம் செய்த முன்னாள் கண்டக்டர் ரோட்டில் கிடந்து மரித்தார்.

காட்டாக்கடையிலிருந்து அவருடைய மச்சான்மார் ஒரு ஜீப் நிறைய அழுதுகொண்டு வந்தார்கள். பழைய டிப்போக்காரர்கள் ரீத்து, பிணத்துக்கு வைக்கிற மலர்வளையம், வாங்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் முந்தின நாள் வெயிலில் கிடந்த களைப்பில் பிந்தி எழும்பி, முற்றத்துப் படியில் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். ரீத்து கொண்டுவந்தவர்களில் ஒருவர், “அண்ணே, ஆரு போனது?” என்று அவரிடமே கேட்டிருக்கிறார். அதுவரைக்கும் எல்லாம் தமாஷ்தான். அண்ணனே ரீத்தைக் கையில் வாங்கி, தன் பேர் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்தாராம்.

அண்ணனின் மகள், உன் ஷைனி, வந்தபோதுதான் தமாஷ் நின்றது. அவள் வேலை பார்க்கிற மருந்துக்கடை பாறசாலையில் ஆஸ்பத்திரிக்கு எதிரே, சீக்கிரம் திறக்கிற கடை. அவள் புறப்பட்டபோது அப்பா தலையோடு போர்த்திக்கொண்டு தூங்குகிறார். கடையில் வந்து கிடந்த பேப்பரை விரித்தவள், அப்பா ரோட்டில் கிடப்பதைப் பார்க்கிறாள். போர்வைக்குள் தான் பார்த்துவிட்டு வந்தது தூங்குகிற ஆளையா, இல்லையா என்று அவளுக்கே குழம்பிவிட்டது. வீட்டுக்கு விளித்தால் யாரும் எடுக்கவில்லை. போன் உள்ளே சார்ஜில், அம்மா பால் சொசைட்டியில். கிடைத்த பஸ்ஸில் ஏறி ஜங்ஷனில் இறங்கி, தோண்டிப்போட்ட ரோட்டில் ஓடி வந்தாள். வாசலுக்கு வந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. முற்றம் நிறைய ஆள், கையில் ரீத்து. கூட்டத்தை விலக்கி வந்து பார்க்கிறாள், ரீத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர் அப்பா. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அண்ணன் அவளுடைய கால் சேற்றைச் செம்பில் தண்ணீர் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போகிற வழியிலேயே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். எடிட்டரே அழுதுவிட்டார், டெல்லியிலிருந்தெல்லாம் விசாரித்தார்கள், செத்தவன் என்று பேர் வந்தால் ஆயுள் கூடும் என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அன்றைக்கு முன்னால் அந்த மனிதர் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

“ஓய், எனக்க காரியம் கெடக்கட்டு. எனக்க மோளு அரை மணிக்கூர் அப்பன் இல்லாத்த பிள்ளையாட்டு ஓடி வந்திருக்கா. அந்த அரை மணிக்கூரை நீ திருப்பித் தருவியா?”

நான் கேமராவைப் பைக்குள் வைத்து மூடினேன். மக்கா, கூட்டம் கூடின இடத்தில் ஒரு படமும் எடுக்கவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவை.

அப்புறம் அவர் சொன்னதுதான் உன் அம்மா உன்னிடம் அழுதது. இந்தப் படக்காரனைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைக்கு அந்தக் காலை நேரம் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட வீட்டுக்கு அவளை எப்படி அனுப்புவது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கும்போது எழும்பிச் சொல்லப்போகிறேன் என்றார். ஓலை என்பது என்ன என்று உன் ஷார்ஜா கூட்டாளிகளுக்குச் சொல்லிக்கொடு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நிச்சயித்திருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆராதனையில் மூன்று ஞாயிறு தொடர்ந்து போதகர் வாசிப்பார். உனக்கு இரண்டு வாசித்தாயிற்று. நான் அறிய, அந்த இடத்தில் இதுவரை யாரும் எழும்பினதில்லை. பெண்ணின் அப்பனே எழும்பினால் அதற்கு மேல் கல்யாணம் ஏது?

இதற்கு நடுவில் ஓர் அதிசயம். செவ்வாய்க்கிழமை பேப்பர் அதிகாரிகள் கையிலும் போயிருக்கிறது. உடைந்த ரோட்டுக்காக ஓர் ஆள் செத்தான் என்றதும், அவ்வளவு மாதமாக வராத மண்ணு வண்டி அன்று மத்தியானமே வந்துவிட்டது. பின்னால் ஜல்லி, பின்னால் ரோலர். புதன்கிழமை எங்கள் பேப்பரில் திருத்தம் வந்தது, எறும்பு அளவு எழுத்தில் இரண்டு வரி. ஆனால் பாதிக் குழியை மூடின பிறகு, ஆள் உயிரோடிருக்கிறான் என்பதற்காகத் திரும்பத் தோண்ட முடியுமா? வியாழக்கிழமை தார் மணம் சபைக்குள்ளேயே வந்தது. அண்ணன் வேலிக்கு உள்ளே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கூலிக்காரர்கள் அவரிடமே, பாவம், நல்ல மனுஷனாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு எறும்பெழுத்துத் திருத்தம் போதாது. அழுகைப் படம் பெரிதாக வந்தால் உயிருள்ள படமும் பெரிதாக வர வேண்டும் என்று டெஸ்க் பையனை விளித்துச் சண்டை போட்டேன். அவன் பாவம், வேலை போகுமோ என்று பயந்து கிடந்தான். ஆனாலும் தொழில் ஞானம் உள்ளவன்.

“சேட்டா, ஜீவிச்சிரிக்குன்னது வார்த்தயல்லல்லோ” என்றான்.

உயிரோடிருப்பது செய்தியில்லை. நியாயம்தான். அதை யோசித்துக்கொண்டே ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டேன். அப்படியானால் செல்லையன் அண்ணனை ஒரு செய்திக்குள் உயிரோடு கொண்டுவந்து நிறுத்த வேண்டும். குளத்தூரில் ஆள் உயரச் சேனை விளைந்திருக்கிறது, பக்கத்தில் நிற்க வருகிறீர்களா என்று ஆள் விட்டுக் கேட்டேன். அடுத்தவன் சேனைக்குப் பக்கத்தில் நான் ஏன் நிற்க வேண்டும் என்று பதில் வந்தது. ரத்ததான முகாமுக்குக் கூப்பிட்டேன். செத்தவன் ரத்தம் எடுக்க மாட்டார்கள் என்றார். வேறு வழியில்லாமல் உன் சித்தியை அனுப்பினேன். அவள் போய் அவருடைய மனைவியோடு உட்கார்ந்து சாயா குடித்து, என்னைப் பற்றி இரண்டு பேருமாகப் பேசிச் சிரித்துவிட்டு, ஒரு காரியமும் சொல்லாமல் திரும்பி வந்தாள். அவளிடம் கோபித்தேன். “அங்க சிரி கேட்டுச்சா இல்லியா? அது போதும்” என்றாள்.

சனிக்கிழமை காலையில் புதிய ரோட்டில் முதல் பஸ். நான் வழக்கம்போல் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்: முன்னால் வாழைக்குலை, டிரைவருக்கு மாலை, தாய்மார்கள் கைதட்டல். வாழைக்குலைக்காரன் வரவில்லை. மாலை நீளம் போதாமல் டிரைவர் தலையில் மாட்டிக்கொண்டது. நான் இவர்களை நேராக்கிக்கொண்டிருக்கும்போது, வெள்ளை வேட்டி உடுத்து, தலை சீவி, செல்லையன் அண்ணன் நடந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே பஸ்ஸின் பின்படிக்குப் போனார். இப்போதைய கண்டக்டர் சின்னப் பெண். அவரைக் கண்டதும் சிரித்துவிட்டு மணிக்கயிற்றின் நுனியை அவர் கையில் கொடுத்தாள். அவர் படியில் நின்று, ஒரு கையில் கம்பி, ஒரு கையில் கயிறு, உடம்பை வெளியே சாய்த்து, ஸ்டாப் பேர்களை வரிசையாகக் கூப்பிட்டார். காக்கைகள் பறந்தன. அண்ணே, இங்கே பாருங்கள், வாயைக் கொஞ்சம் மூடுங்கள் என்று சொல்ல நானும் வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்து பஸ் நகர்ந்துவிட்டது. கை தானாக அமுக்கினதுதான். நின்று திருத்த நேரமில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். கண் இரண்டும் முட்டைபோல் திறந்திருக்கிறது. வாய் குகைபோல் திறந்திருக்கிறது, உள்ளே இல்லாத கடைவாய்ப் பல்லும் தெரிகிறது. வேட்டி காற்றில் படகுப்பாய். அழகென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து யாராவது இந்த ஆள் செத்துவிட்டார் என்று சொன்னால் நான் தொழிலை விட்டுவிடுகிறேன். அடிக்குறிப்பை மலையாள எழுத்தில், வெள்ளைத் தாளில், கையால் எழுதினேன். புதிய ரோட்டில் முதல் பஸ், அழைப்பது பழைய கண்டக்டர் செல்லையன். அந்தத் தாளையே படம் பிடித்து அனுப்பி, டெஸ்க் பையனை விளித்து, எழுத்து எழுத்தாகத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு, ஆள் இப்பொழும் உண்டல்லோ, இருக்கிறார்தானே என்று இரண்டு தடவை கேட்டான்.

ஞாயிறு காலை ஆராதனைக்கு நான் எல்லாருக்கும் முன்னால் போய் மாமரத்து அடியில் நின்றேன். உன் அம்மா என் பக்கத்தில் நிற்கவில்லை, தள்ளி நின்றாள். செல்லையன் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். ஷைனி கையில் மடித்த பேப்பர் இருந்தது. அவள் அதை அப்பாவுக்கு அதுவரை காட்டவில்லை. வாசல்படிக்கு முன்னால் நிறுத்தி, விரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டி, நெடுநேரம் பார்த்தார்.

“எனக்க வாயி இம்புட்டு பெருசாட்டா கெடக்கு?” என்றார்.

“சின்னதாக்கிப் போட்டிருக்காவ அப்பா” என்றாள் ஷைனி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்தப் பிள்ளை சிரித்து யாரும் பார்க்கவில்லை என்று அவளுடைய அம்மா பிறகு சொன்னாள். அண்ணன் படத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் உள்ளே போய், முன்வரிசையில் உட்கார்ந்தார்.

போதகர் ஓலையை எடுத்தார். செல்லையனின் குமாரத்தி ஷைனிக்கும் உனக்கும் என்று வாசித்து, இது மூன்றாம் ஓலை, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார். வழக்கமாக அந்த இடத்தில் மூச்சு விடுகிற நேரம்தான் நிறுத்துவார். அன்று அவருக்கும் விஷயம் தெரியும், கண்ணாடிக்கு மேலே பார்த்தபடி நிறுத்தினார். முன்வரிசையில் பெஞ்சு கிரீச்சென்றது. செல்லையன் அண்ணன் எழும்பினார். தள்ளி நின்ற உன் அம்மா எட்டி வந்து என் கையைப் பிடித்தாள். நகம் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது, வந்து பார்.

“ஐயரே, தடை சொல்ல எழும்பல்ல” என்றார் போதகரிடம். சபை முழுக்கக் கேட்கிற அவருடைய குரல். “ஓலையில எனக்க பேருக்கு முன்ன ‘காலஞ்சென்ற’ன்னு ஒரு வார்த்த வருமோன்னு கேட்டோண்டு இருந்தேன். வரல்ல. அப்ப நான் நிக்கியத எல்லாரும் ஒருக்கா நல்லா பாத்துக்கிடுங்க.”

பாட்டுக்குழுவில் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் சபை முழுக்க. போதகர் சிரிப்பை அடக்கத் தாளை முகத்துக்கு நேரே பிடித்தார். அண்ணன் அப்படியே நின்று, இடதும் வலதும் திரும்பி எல்லாருக்கும் தன்னைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். ஆக, மக்கா, கல்யாணம் உண்டு. டிக்கெட்டைப் போடு.

ஆனால் நான் பேனா எடுத்தது அதற்காக மட்டுமில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் படத்தை எப்படித் திட்டமிட்டு எடுத்தேன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஷைனி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“மாமா, அண்ணைக்கு பேப்பர் பாத்ததும் வீட்டுக்கு விளிச்சேன்னு சொன்னேன் இல்லியா. வீட்ல எடுக்காதப்ப அடுத்தது உங்க மோனைத்தான் விளிச்சேன். எடுக்கல்ல.”

பிறகு நீ பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறாய். கை தெரியாமல் பட்டது என்று அவள் சொல்லியிருக்கிறாள். நீயும் சரி என்று விட்டுவிட்டாய். இதை அவனுக்கு எழுதட்டுமா மோளே என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

“எழுதுங்க. சபை பத்திரிகையிலயே வரட்டு” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், அதனால் நீ பயப்பட வேண்டாம். கொஞ்சம் மட்டும் பயப்படு.

அங்கே உனக்கு அப்போது விடிந்திருக்காது என்று எனக்குத் தெரியும். டூட்டி முடிந்து வந்து, போனைச் சத்தமில்லாமல் கவிழ்த்து வைத்துத் தூங்கியிருப்பாய். உன்மேல் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் அப்பன் திருப்பிக் கேட்ட அந்த அரை மணி நேரத்துக்குள், உன் வாசலிலும் அந்தப் பிள்ளை ஒரு தடவை வந்து தட்டியிருக்கிறாள். அதை என்னாலும் திருப்பித் தர முடியவில்லை, என் கேமராவாலும் முடியவில்லை. இனி வருவதைத்தான் நீ பார்த்துக்கொள்ள முடியும். போனில் சத்தத்தைக் கூட்டித் தலைமாட்டில் வை. அவள் விளித்தால், எந்த நேரமானாலும், கண் திறக்காவிட்டாலும் எடு. நல்ல வார்த்தை தேட வேண்டாம். என்னைப்போல் கதை கட்டவும் வேண்டாம், அது உனக்கு வராது. நம் ஊரில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எல்லாரும் சொல்கிற ஒரு சொல் இருக்கிறதே, அது போதும். ‘உண்டு’ என்று சொல், இங்கேதான் இருக்கிறேன் என்பதற்கு. அவள் சரி என்று சொல்கிற வரைக்கும் வைக்காதே.

இப்படிக்கு, இந்தக் கடிதத்தில் ஒன்றையும் கூட்டிச் சொல்லாத,
உன் சித்தப்பா